மஞ்சள் தண்ணீரில் கழுவிய திராட்சை

ஒரு சனிக்கிழமை காலை நோர்வே அன்ரி இரண்டு ஊன்றுகோல்களுடன் வந்து எங்கள் கதவைத் தட்டி, திராட்சை வேண்டுமா என்று கேட்டார். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பல வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு அழகான ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டுக்குள் அவர் எப்போதும் நோர்வே அன்ரிதான். தன் வீட்டின் தெற்குச் சுவரோடு சேர்த்து ஒரு கண்ணாடிக் கொட்டகை போட்டு, அதற்குள் திராட்சைக் கொடி வளர்க்கிறார். ஒவ்வொரு இலையுதிர் காலமும் அந்தப் பழத்தில் வைன் போடுவார். இந்த முறை முழங்காலில் சத்திரசிகிச்சை, வாளி தூக்க முடியாது. பழம் வீணாகப் போகிறது, நீங்கள் வைன் போடுங்கள், எனக்கு இரண்டு போத்தல் தந்தால் போதும் என்றார்.

நான் சைவக்காரி. எங்கள் வீட்டில் பிறந்தநாள் கொண்டாட்டங்களுக்கு ஒரு விஸ்கிப் போத்தல் வெளியே வரும், விருந்தினர் போனதும் கராஜுக்குள் திரும்பப் போய்விடும். நான் அதை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆகவே நியாயப்படி நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் சொல்லி முடிக்க முன்னரே "ஓம், எல்லாவற்றையும் தாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். காரணம் இவருடைய மூக்கு.

இவர் என்றால் என் கணவர். ஒஸ்லோ நகரத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையற்காரர். அகதியாக வந்த புதிதில் அங்கே கோப்பை கழுவத் தொடங்கியவர், படிப்படியாக ஏறி, கடைசியில் இவர் மோந்து பார்த்துத் தலையாட்டினால்தான் சோஸ் வெளியே போகும் என்ற இடத்துக்கு வந்தார். முந்தைய வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சலும் இல்லை. சில நாளில் போய்விட்டது, போகும்போது மூக்கின் மோப்பத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டது. உப்பும் புளியும் உறைப்பும் நாக்கில் தெரியும், மற்றதெல்லாம் கடதாசி தின்பது மாதிரி என்பார்.

ஒரு பின்னேரம் இவர் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, சட்டிக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னலோரம் நின்று தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். பருப்பு அடிப்பிடித்து, கருகி, மேல்மாடி வரைக்கும் மணம் வந்துவிட்டது. நான் படியிறங்கி ஓடி வருகிறேன், புகை அலாரம் காது கிழியக் கத்துகிறது, இவர் கையில் அகப்பையோடு அலாரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். "பற்றரி முடிஞ்சுபோச்சுப் போலை" என்றார். பிறகுதான் திரும்பிச் சட்டியைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அன்றோடு இவர் வீட்டில் சமைப்பதை விட்டுவிட்டார்.

ஹோட்டலில் முதலில் மரக்கறி வெட்ட விட்டார்கள். பிறகு இவர் தானாகவே வைத்தியரிடம் போய் சுகவீன விடுப்பு எடுத்துக்கொண்டார். வரப்போகும் புது வருடத்துக்குப் பிறகு ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். இவர் குசினிக்குத் திரும்பலாமா, இல்லை வேறு ஏதாவது வேலை பழக வேண்டுமா என்று அதில் முடிவாகும். மணம் தெரியாத சமையற்காரரை எந்தக் குசினி எடுக்கும்? இதை நானும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அதையேதான் நினைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

வைத்தியர் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். கராம்பு, எலுமிச்சை, ரோசா, யூக்கலிப்டஸ் என்று நான்கு சின்னப் போத்தல். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக மோந்து, அதன் மணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மூக்கு மெல்ல மெல்லப் பழகினாலும் பழகுமாம். இவர் கொஞ்சக் காலம் செய்தார். பிறகு போத்தல்களை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டார். பக்கத்தில் இருந்து இருந்து எனக்குக் கராம்பே வெறுத்துவிட்டது, இவருக்கோ வெறுக்கக்கூட வழியில்லை.

நோர்வே அன்ரி வைன் என்று சொன்னதும் எனக்குள் ஒரு திட்டம் பளிச்சென்று வந்தது. அவர் வைன் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். காலையும் மாலையும் வாளிக்குள் தலையை விட்டுக் கிண்ட வேண்டும். சின்னப் போத்தலை லாச்சிக்குள் ஒளிக்கலாம், ஒரு வாளி திராட்சையை ஒளிக்க முடியுமா?

"எனக்கு முதுகு நோ, கிண்ட ஏலாது. நீங்கள்தான் பாக்கவேணும்" என்றேன் இவரிடம்.

"உமக்கென்ன விசரே? வைன் போடுறதுக்கு மூக்கு வேணும். பழுதாப் போச்சுதோ இல்லையோ எண்டு ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுறன்."

"நீர் வைனுக்கும் வினாகிரிக்கும் வித்தியாசம் தெரியாத ஆள்."

"அப்ப சரியாப் போச்சு. உங்களுக்கு மூக்கில்லை, எனக்கு அனுபவமில்லை. சரிக்குச் சரி."

இவர் சிரிக்கவில்லை, ஆனால் எழும்பி வாளியைத் தேடிக்கொண்டு கராஜுக்குப் போனார்.

கொடியிலிருந்து பழம் ஆய்வதற்கு மகள் ஹவுகெட்டோவிலிருந்து வந்தாள். அவள் அங்கே தனியாக இருக்கிறாள், எங்கள் வீட்டில் ஏதாவது கூத்து நடக்கப்போகிறது என்றால் முதல் ரயிலிலேயே வந்துவிடுவாள். கண்ணாடிக் கொட்டகைக்குள் போனதும் நான் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டேன். வெளியே ஜக்கெற் போட்டும் குளிருகிற காலம், உள்ளே தலைக்கு மேல் முழுக்கக் கருநீலக் குலைகள். கடையில் வாங்கும் பழம் மாதிரிப் பெரிது இல்லை. சின்னச் சின்னதாக, விதையோடு, மேலே ஒரு வெள்ளைத் தூள் படிந்தபடி. ஒன்றை வாயில் போட்டேன். முதலில் புளித்தது, பிறகு இனித்தது, பிறகு தோல் பல்லில் துவர்த்தது. இன்னொன்று போட்டேன், பிறகு ஆய்வதை விட்டுத் தின்னத் தொடங்கிவிட்டேன்.

"அம்மா, உப்பிடியே போனால் வைன் உங்கடை வயித்துக்கைதான்" என்றாள் மகள்.

நோர்வே அன்ரி ஒரு கதிரையில் காலை நீட்டிக்கொண்டு, பேருந்து ஓட்டிய அதே குரலில் கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். பூஞ்சணம் பிடித்ததை எடுக்காதே. இலை விழவிடாதே. மேலே மூலையில் இருக்கிற இரண்டு குலை இன்னும் நன்றாகப் பழுக்கவில்லை, அதை விடு. வீட்டுக்குப் போனதும் காம்பிலிருந்து பழத்தை உருவி எடு, காம்பு சேர்ந்தால் கைக்கும். பழத்தைக் கையால் நசி, விதையை உடைக்காதே. தோலை எறியாதே, நிறமெல்லாம் தோலில்தான் இருக்கிறது. பிறகு துணியால் மூடி வை. அதற்கு மேல் நீ ஒன்றும் செய்ய வேண்டாம், அதுவே பொங்கத் தொடங்கும் என்றார்.

அதுவே பொங்கும் என்று சொன்னவர், கழுவாதே என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியே இராது.

எங்கள் வீட்டில் உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவாத பழம் ஒருவர் வாய்க்கும் போனதில்லை. கொட்டகையில் தின்றது வேறு கதை, ஆசை கண்ணை மறைத்துவிட்டது. குசினிக்குள் வந்தவுடன் எனக்குப் பழைய புத்தி திரும்பிவிட்டது. கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கும் பெரிய சருவத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பி, உப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டு, மஞ்சளைக் கலந்து, திராட்சை முழுவதையும் ஊறவைத்தேன். பிறகு கைகளால் தேய்த்தேன். வெள்ளைத் தூள் கழன்று தண்ணீர் கலங்கியது.

"பாத்தியே, எவ்வளவு மருந்து அடிச்சிருக்கினம்" என்று மகளுக்குக் காட்டினேன். மகள் தன் தொலைபேசியில் அதைப் படம் வேறு எடுத்தாள். இன்னும் இரண்டு தண்ணீர் மாற்றி அலசினேன். பழங்கள் கண்ணாடிக் குண்டு மாதிரிப் பளபளத்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நசிப்பதற்கு மகள் ஒரு யோசனை சொன்னாள். வாளிக்குள் ஏறிக் காலால் மிதிக்கலாமாம், வெளிநாடுகளில் அப்படித்தானாம். "வாயிலை வைக்கிற சாமானிலை கால் படுறதோ" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கழற்றிய காலுறையைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். நானும் அவளும் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பிசைந்தோம். தோல் வெடிக்க வெடிக்க விரலிடுக்கால் சாறு பீறியது. கை, சட்டை, சுவர் எல்லாம் ஊதா. நான் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இவர் மேசைக்கு அப்பால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் குழைத்த விதத்தை எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? "உது ரொட்டி மாவில்லை. அப்பிடிப் பிசையாதையும், கொட்டை உடைஞ்சால் கைக்கும். தள்ளும்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். நான் உடனே தள்ளிக்கொண்டேன், முதுகையும் ஒருமுறை பிடித்துக் காட்டினேன்.

நோர்வே அன்ரி ஒரு கண்ணாடிக் கோலைத் தந்துவிட்டிருந்தார். சாற்றுக்குள் விட்டால் அது மிதக்கும், எவ்வளவு உயரத்தில் மிதக்கிறது என்பதைப் பார்த்து இனிப்பின் அளவைச் சொல்லலாம். இந்த நாட்டு வெயிலுக்குப் பழம் போதிய அளவு இனிக்காது, குறைகிறதற்குச் சீனி சேர்க்க வேண்டும். இவர் கோலை விட்டுக் குனிந்து பார்த்து, சீனியைக் கொஞ்சம் சாற்றில் கரைத்துக் கரைத்து ஊற்றினார். ஹோட்டலில் வேலை செய்யும்போது முகத்தில் வரும் அந்தக் கடுமை வந்திருந்தது. நான் மூச்சுக் காட்டாமல் நின்று பார்த்தேன்.

வாளியை ஒரு பழைய வேட்டித் துண்டால் மூடி, வீட்டின் கீழ்த்தளத்தில் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தோம். அது நவராத்திரிக் காலம். மேலே சாமி அறை, அதற்கு நேரே கீழே வைன் வாளி. எனக்கு மனம் கேட்கவில்லை. மெல்ல இழுத்து மற்ற மூலைக்குக் கொண்டுபோய், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கு அருகில் விட்டேன்.

சரஸ்வதி பூசை அன்று இவர் ஒவ்வொரு வருடமும் தன் சமையற் கத்திகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பிள்ளையின் புத்தகங்களோடு சேர்த்து அடுக்குவார். மகள் படித்து முடித்த பிறகும் கத்திகள் மட்டும் தவறாமல் வந்தன. இம்முறை கத்தி வரவில்லை. நான் அலுமாரியைத் திறந்து தோற்சுருளோடு எடுத்துக்கொண்டு வந்தேன்.

"உள்ளுக்கை வையும். வேலை செய்யாத கத்திக்கு என்ன பூசை" என்றார்.

திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். குசினிக்குள் வந்து வெங்காயம் வெட்டுகிற சாட்டில் அழுதேன், அன்றைக்குக் கறிக்கு வெங்காயமே தேவைப்படவில்லை.

வாளியும் பொங்கவில்லை. வைத்த மறுநாள் பார்த்தேன், ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் பார்த்தேன், ஆறின கஞ்சி மாதிரி அசையாமல் கிடந்தது. காதை வைத்துக் கேட்டேன். வாளியைத் தட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோர்வே அன்ரியைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டி வந்தோம். அவர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, பழத்தை என்ன செய்தாய் என்று கேட்டார். நான் தலை நிமிர்த்தி, உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீரில் கழுவினேன் என்றேன்.

அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். முதலில் காலில் வலியாக்கும் என்று பயந்தேன். பிறகு தோள் குலுங்குவதைக் கண்டேன். கண்ணீர் வரச் சிரிக்கிறார். துடைத்துக்கொண்டு சொன்னார்: அந்தக் கொடிக்கு நான் ஒரு நாளும் மருந்து அடித்ததில்லை. நீ மருந்து என்று கழுவிய அந்த வெள்ளைத் தூளில்தான் ஈஸ்ற் ஒட்டியிருந்தது. அது இனிப்பைத் தின்றுதான் சாறு வைனாகிறது. நீ எல்லாவற்றையும் குளிப்பாட்டி அனுப்பிவிட்டாய்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மஞ்சள் மேல் கோபிக்க முடியுமா? ஸ்ட்ரோம்மனில் உள்ள கடையில் வைனுக்கென்றே ஈஸ்ற் பக்கற் விற்கும், ஆனால் ஞாயிறு பூட்டு, நாளைக்கு வாங்கு என்றார் அன்ரி. நாளைக்கு வரைக்கும் இது தாங்குமா என்று நான் புலம்பத் தொடங்கினேன்.

இவர் அதுவரைக்கும் மெசினில் சாய்ந்துகொண்டு நின்றவர். "ஏன் கடைக்கு?" என்றார். "புது மாவைப் புளிக்கவைக்க, பழைய மாவிலை ஒரு கரண்டி எடுத்து விடுறேல்லையே? அந்த மாதிரித்தான். அன்ரியின்ரை கொட்டகைக்கை மேலை மூலையிலை ரெண்டு குலை கழுவாமல் நிக்குது."

அன்ரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் ஊன்றுகோலால் இவருடைய காலில் ஒரு தட்டுத் தட்டி, போ, கெதியாகப் போ என்றார். இவர் ஜக்கெற்கூடப் போடாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மாதக்கணக்காக இந்த மனுசன் வீட்டுக்குள் நடந்தாரே தவிர ஓடி நான் பார்க்கவில்லை. எனக்கு வைன் அந்த நிமிடத்திலேயே கிடைத்துவிட்டது.

இரண்டு குலையையும் ஒரு ஜாம் போத்தலுக்குள் நசித்து, சுடுதண்ணீர் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றைக்கு எத்தனை தரம் கீழே இறங்கினார் என்று எனக்குத் தெரியாது, படி தேய்ந்திருக்கும். சில நாளில் போத்தலில் நுரை கட்டியது. அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, நான் பல் துலக்கிக்கொண்டிருக்க, கண்ணுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். பிறகு அதைக் கொண்டுபோய் வாளிக்குள் ஊற்றினார்.

அடுத்த நாள் காலை நாங்கள் இரண்டு பேரும் படியிலேயே நின்றுவிட்டோம். சத்தம் கேட்டது. தாளிக்கும்போது எண்ணெயில் எழும்புகிற அந்தப் பொரிச் சத்தம். துணியை எடுத்தால், தோல் முழுவதும் மேலே எழும்பி ஒரு தடித்த மூடி மாதிரி நிற்கிறது, இடுக்குகளால் ஊதா நுரை குமிழி குமிழியாக வருகிறது. "பொங்குது" என்றார் இவர். "பொங்குது" என்றேன் நான். தைப்பொங்கலுக்குக்கூட எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்ததில்லை.

அந்தத் தோல் மூடியைக் காலையும் மாலையும் சாற்றுக்குள் அமுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே காய்ந்து பழுதாகிவிடும், நிறமும் இறங்காது. இதுதான் என் திட்டத்தின் உயிர். இவர் மரக்கரண்டியால் அமுக்க, முகம் நேரே வாளிக்கு மேல் வரும். நான் உடுப்பு மடிக்கிற மாதிரிப் பக்கத்தில் நின்று, இவருடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு காலை இவர் சட்டென்று தலையை வெளியே இழுத்தார். கண்ணில் தண்ணீர். "மூக்கிலை ஏறுது" என்றார்.

என் கையிலிருந்த உடுப்பெல்லாம் நிலத்தில். இவரைக் கட்டிப்பிடித்தேன். மகளுக்குத் தொலைபேசி அடித்தேன், கனடாவில் இருக்கிற அக்காவுக்கு அடித்தேன், அங்கே நடுச்சாமம் என்பதையும் மறந்து. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்தும்விட்டேன். அன்று முழுக்க நான் நிலத்தில் நடக்கவில்லை.

பின்னேரம் இவர் லாச்சியைத் திறக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். கராம்புப் போத்தலை மூக்கில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். மூடிவிட்டு, "அது மணமில்லையப்பா" என்றார். "சோடா குடிச்சால் மூக்கிலை குத்துமே, அந்தக் காஸ்தான். பொங்கேக்கை காஸ் வரும். கராம்பு ஒண்டும் தெரியேல்லை."

எனக்கு அந்த வாளியைத் தூக்கித் தெருவில் கவிழ்க்க வேண்டும் போல் இருந்தது. அடுத்த நாள் நான் கீழே இறங்கவே இல்லை. ஒரு வாளியோடு கோபித்துக்கொண்டு உடுப்புத் தோய்க்காமல் இருந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் இவர் இறங்கினார். காலையும் இறங்கினார், மாலையும் இறங்கினார். கரண்டியின் சத்தம் மேலே கேட்டது. "உமக்குக் கோபம் எண்டு அது பொங்கிறதை நிப்பாட்டுமே" என்று கேட்டார், நானும் தோற்றுப்போய் அழுக்குத் துவாய்களை அள்ளிக்கொண்டு கீழே போனேன்.

பொங்கல் மெல்ல அடங்கியது. தோலைப் பிழிந்து சாற்றை வேறாக்கும் நாள் வந்தது. இதற்கு நோர்வே அன்ரியிடம் ஒரு இரும்புச் செக்கு இருந்தது, ஆனால் நான் விடவில்லை. எத்தனை வருடம் தேங்காய்ப்பால் பிழிந்த கை. வெள்ளைத் துணியில் தோலை அள்ளிப் போட்டு முறுக்கினேன் பாருங்கள், கடைசிச் சொட்டு வரைக்கும் வந்தது. பிழிந்த வேகத்தில், கை தன் பாட்டுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துவிட்டது.

"என்ன செய்யிறீர்?"

"ரெண்டாம் பால்" என்றேன்.

"இதென்ன தேங்காயே?" என்று செம்பைப் பறித்தார். பறித்துவிட்டு, அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான்.

வைனைப் பெரிய கண்ணாடிக் குடுவைக்குள் ஊற்றி, வாயில் ஒரு வளைந்த குழாயைச் செருகினோம். குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உள்ளே மிச்சமிருக்கிற காஸ் அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது. போனால் எல்லாம் வினாகிரிதான். குளுக், குளுக் என்று அது இருந்திருந்து ஒரு சத்தம் போடும். நாங்கள் மேலே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் இவர் விரலை உயர்த்துவார். எனக்கு வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருந்தது.

முதற் பனி விழுந்த கிழமை குளுக் சத்தம் நின்றது. குடுவையின் மேற்பகுதி தெளிந்து சிவப்பாகவும், அடியில் ஒரு தடித்த மண்டியாகவும் பிரிந்திருந்தது. தெளிந்ததை மட்டும் வேறு குடுவைக்கு மாற்ற வேண்டும். இவர் ரப்பர்க் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, கீழே இருந்த குடுவைக்குள் விட்டார். வாய்க்குள் போனதை விழுங்கினார்.

"எப்பிடி?"

"புளிக்குது. துவர்க்குது. வேறை ஒண்டும் தெரியேல்லை. நீர் குடிச்சுப் பாரும்."

சாமியை மனதுக்குள் ஒருமுறை கும்பிட்டுவிட்டு ஒரு சின்னக் கிளாசில் எடுத்தேன். வாய் சுருங்கியது. தொண்டை சூடானது. ஆனால் பழுதில்லை, என் மூக்குக்கே அது தெரிந்தது. "என்ன மணக்குது, சொல்லும்" என்று இவர் விடாமல் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

"பிளம்ஸ் மாதிரி. கொஞ்சம் புளிச்ச மா மாதிரி. பிறகு... உங்கடை பழைய தோல் ஜக்கெற் மாதிரி."

"என்ரை ஜக்கெற் மணக்குதே?"

"ஏன், உங்களுக்கு இவ்வளவு நாளும் ஆரும் சொல்லேல்லையோ?"

இவர் கிளாசை வாங்கித் தானும் மோந்தார். நீண்ட நேரம் மோந்தார். பிறகு கிளாசைத் திருப்பித் தந்தார். என் மூக்கைக் கழற்றிக் கொடுக்க முடியும் என்றால் அந்த இடத்திலேயே கொடுத்திருப்பேன்.

அடி மண்டியைத் தோட்டத்தில் கொட்டு என்று நோர்வே அன்ரி சொல்லியிருந்தார். நான் அதைப் பார்த்தேன். முழுக்க ஈஸ்ற். யாழ்ப்பாணத்தில் அப்ப மாவுக்குக் கள்ளு விட்டுப் புளிக்கவைப்பார்கள். இங்கே கள்ளு ஏது, கடை ஈஸ்ற்றைப் போட்டு ஏதோ அப்பம் என்று பெயர் பண்ணிக்கொண்டிருக்கிறோம். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய ஈஸ்ற்றை ரோசா மரத்துக்கு ஊற்றுவதா? ஒரு அகப்பை மண்டியை அரிசி மாவில் கலந்து மூடி வைத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் மா சட்டிக்கு வெளியே வழிந்துகொண்டிருந்தது, அதுவும் றோஸ் நிறத்தில்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மகள் வந்திருந்தாள். நோர்வே அன்ரி ஊன்றுகோல் இல்லாமல், தானாக நடந்து, தன் இரண்டு போத்தலை வாங்க வந்திருந்தார். நான் தேங்காய்ப்பால் விட்டு அப்பத்தைச் சுடத் தொடங்கினேன். ஓரம் மொரமொரவென்று, நடு மெத்தென்று, முழுக்க றோஸ் நிறத்தில் வந்தது. மகள் ஒவ்வொன்றையும் படம் எடுத்தாள். அன்ரி போத்தலைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றினார். வெளிச்சத்துக்குப் பிடித்து, சுழற்றி, ஒரு வாய் குடித்துவிட்டு, மஞ்சள் தெரியவில்லை என்றார். நான் அவருக்கு ஈடாகப் பதில் சொல்லிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றேன். இவர் கீழே, கதவைச் சாத்திக்கொண்டு, குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தச் சத்தம் நின்றது. கதவு திறந்தது.

"இஞ்சேருமப்பா, அப்பம் கருகுது" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"ஓமோம், பாக்கிறன்" என்று பழக்கதோசத்தில் சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினேன். மூடிக்கும் சட்டிக்கும் இடையில் ஒரு நூல் புகை. கை மூடியில் இருக்க, அப்படியே நின்றுவிட்டேன். மகளும் என்னைப் பார்த்தாள். அவள் வாயில் பாதி அப்பம்.

"என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். திரும்பவும் கேட்டேன்.

படியில் காலடி கேட்டது. இவர் ஈரக் கையோடு குசினி வாசலில் வந்து நின்றார். மூக்கை இரண்டு தரம் இழுத்தார். சட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"கருகுது" என்றார் மெதுவாக. "கருகின மாவும், தேங்காய்ப்பாலும்."

நான் மூடியை எடுத்தேன். புகை நேரே கூரைக்கு எழும்பியது. மகள் அழத் தொடங்கினாள். நோர்வே அன்ரிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் கிளாசை மேசையில் வைத்துவிட்டு எழும்பி நின்றார். அப்போதுதான் புகை அலாரம் கத்தத் தொடங்கியது.

இவர் அதை அண்ணாந்து பார்த்தார்.

"உதுக்கு இப்பதான் தெரியுது" என்றார்.

அலாரத்தை ஒருவரும் நிறுத்தவில்லை. நான் இன்னொரு அகப்பை மாவை அள்ளி அதே சட்டியில் ஊற்றி, அதையும் கருகவிட்டேன்.